தாழ்த்திய விளக்கு

செவ்வாய். கார்கள் இருட்டிலும் தாமாகவே ஓடத் தொடங்கியபின் எங்கள் பட்டறையில் யாரும் விளக்கு கேட்பதில்லை. இன்று லாரன்ஸ் அண்ணாச்சி கேட்டார்.

“காருக்குத்தான் வெளிச்சமே வேண்டாமே, அண்ணாச்சி?”

“காருக்கு இல்லம்மா, எங்க வீட்டுக்காரி ஸ்டெல்லாவுக்கு. படுத்த படுக்கையாயிட்டா, கண்ணும் மங்கிட்டு. பளிச்சுன்னு வெளிச்சம் அடிச்சாத்தான் நான் வந்துட்டேன்னு தெரியும்.”

இருப்பதிலேயே பிரகாசமான இரண்டு விளக்குகளைப் பொருத்தினேன். எதிரே ஓட்டி வருபவருக்குக் கண் கூசாதபடி ஒளியைத் தரைப்பக்கமாகத் தாழ்த்த வேண்டும் என்று மாலை வகுப்பில் படித்திருக்கிறேன். சந்தேகத்தில் மூன்று முறை அளந்து தாழ்த்தினேன்.

வெள்ளி. அண்ணாச்சி மறுபடி வந்தார். “கழட்டிரும்மா. ஸ்டெல்லா போயிட்டா.”

புதன்கிழமை சாயங்காலம் வாசலில் விளக்கை இரண்டு முறை போட்டு அணைத்திருக்கிறார். அவர் வந்ததை அவள் பார்த்திருப்பாள் என்று நினைத்து, பக்கத்துக் கடைக்கு மருந்து வாங்கப் போயிருக்கிறார்.

“மாடியில நர்ஸ்கிட்ட, ‘இன்னும் வெளிச்சம் வரலியே’ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாளாம். நான் ஏறுறதுக்குள்ள முடிஞ்சிட்டு. உன்னைக் குத்தம் சொல்லலம்மா, நல்லாத்தான் போட்டிருந்தே. தரையெல்லாம் பகல் மாதிரி இருந்துச்சு.”

திருகுகளைக் கழற்றினேன். எதிரே வரும் எந்தக் காரிலும் இப்போது ஓட்டுநர் இல்லை. யாருக்குக் கண் கூசும் என்று தாழ்த்தினேன்? படுக்கை எந்த மாடியில் என்று நான் கேட்கவே இல்லை.