ஐம்பதாவது தடவை

கணவாய் உச்சிக்கு இன்னும் ஒரு மணி நேர நடைதான் பாக்கி. கர்ண மாஸ்டர் தலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு பனியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"முடியலண்ணே. மண்டை வெடிக்குது."

"சத்தம் ஒண்ணும் கேக்கலியே. எழுந்திரிங்க மாஸ்டர்."

எழுந்திருக்கவில்லை. மனிதர் ஜனக்பூரில் கணக்கு வாத்தியார். அந்த ஊரில் மேடு என்றால் ரயில்வே பிளாட்பாரம்தான். இவருக்குத் தோரோங் கணவாயை நடந்தே தாண்டி முக்திநாத் சாமியைக் கும்பிட வேண்டுமாம்.

எனக்கு வயிறு எரிந்தது. அன்று தாண்டினால் அது எனக்கு ஐம்பதாவது தடவை. அந்தப் பக்கம் முக்திநாத்தில், சக வழிகாட்டிகள் நாலு பேர் என் கழுத்தில் போட வெள்ளைத் துண்டும் ஒரு குடம் ரக்ஸிச் சாராயமுமாகக் காத்திருந்தார்கள். நாற்பத்தொன்பதே முக்காலுக்கு எந்த ஊரிலாவது மாலை போடுவார்களா?

இத்தனைக்கும் மாஸ்டர் முதலில் என் ஆளே இல்லை. உயரம் உடம்புக்குப் பழகட்டும் என்று கீழேயிருந்து பத்து நாள் நத்தை மாதிரி நடத்தி மனாங் வரை அவரைக் கொண்டுவந்தவன் வேறொருவன். வீட்டில் சாவு என்று அவன் இறங்கிவிட, கம்பெனி என்னைக் கூப்பிட்டது. மழைக்காலம் முழுக்கக் காட்மாண்டுவில் சீட்டாடிக்கொண்டிருந்த நான், ஜீப் பிடித்து ஒரே மூச்சில் மனாங் வந்து சேர்ந்தேன். மூன்றாம் நாளே இருவரும் மேல்முகாமில். வேலை என்றால் அப்படி இருக்க வேண்டும். என் பெயர் புத்திமான் குருங். அப்பா வைத்த பெயர், நான் பொறுப்பல்ல.

முந்தின நாள் சாயங்காலம் அடுப்போரம் குளிர் காய்ந்தபோது மாஸ்டர் கேட்டார்.

"அண்ணே, நீங்க பாதியில திரும்பினதே கிடையாதா?"

"எனக்காகவா? செத்தாலும் கிடையாது. கூட்டிட்டு வந்த ஆளுக்காக மூணு தடவை திரும்பியிருக்கேன். அது வேற."

"ஓகோ" என்று யோசனையாகத் தலையாட்டினார். நான் ஒதுக்கி வைத்த பருப்புச் சோற்றையும் அவரே வழித்துச் சாப்பிட்டார். இரண்டு தட்டுச் சோறு! அதெல்லாம் எங்கே போயிற்று என்றுதான் இப்போது எனக்குக் கேட்கத் தோன்றியது.

"மாஸ்டர், ஒரே ஒரு மணி நேரம். தவழ்ந்தாவது வாங்க."

"நீங்க போங்கண்ணே. நான் இங்கயே கெடக்கேன். ஏதாவது ஆச்சுன்னா வீட்டுக்கு ஒரு போன் போட்டுருங்க."

"நம்பர் சொல்லுங்க" என்றேன். கடுப்பில் கேட்டதுதான்.

அவர் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பத்து இலக்கமும், கரும்பலகையில் எழுதுவது போல நிதானமாக. "சம்சாரம் பேரு சுனைனா. பயந்த சுபாவம்ணே. மெதுவா சொல்லுங்க."

மனிதனை இதைவிட எப்படி ஐயா கவிழ்ப்பது? மேலே பார்த்தேன். உச்சியில் கட்டியிருந்த, மந்திரம் எழுதிய துணிக்கொடிகள், கண்ணில் நீர் முட்டியதில், இரண்டிரண்டாகப் படபடத்தன.

"எழுந்து தொலைங்க. இறங்குவோம்" என்றேன்.

உடனே எழுந்துவிட்டார். வீட்டுக்கு என்றால் எருமையும் ஓடும் என்று மனசுக்குள் திட்டினேன்.

வழி நெடுக அவர் என் கக்கத்தில் கையைக் கொடுத்துக் கெட்டியாகக் கவ்விக்கொண்டே வந்தார். நான் ஒரு பக்கம் போனால் மறுபக்கம் இழுத்தார். அத்தனை பயத்திலும் வீம்பு வேறு; பள்ளத்து ஓரத்தை எனக்கு விடாமல் தானே நடந்தார்.

"மாஸ்டர், சாயாம நடங்க! என்னையும் சேத்து உருட்டவா பாக்கறீங்க?"

"தப்புதாண்ணே. மன்னிச்சுக்குங்க."

எதிரே கோவேறு கழுதைகளை ஓட்டி வந்த லோப்சாங் நின்றான். "என்ன புத்திமான், அம்பது ஆச்சா? ஏன் இந்தப் பக்கம் வர்றே?"

"இந்த ஜனக்பூர் மூட்டையக் கேளு. என் அம்பதை முழுங்கிடுச்சு."

மூட்டை பல்லைக் காட்டிச் சிரித்தது. லோப்சாங் சிரிக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கழுதைகளை ஓரம் கட்டி வழி விட்டான். இரக்கப்படுகிறான் என்று நினைத்தேன். ஐம்பதைத் தொலைத்தவன் மேல் யாருக்குத்தான் இரக்கம் வராது?

இறங்க இறங்க மாஸ்டரைத் திட்ட எனக்குத் தெம்பு கூடிக்கொண்டே வந்தது. ஜனக்பூர், கணக்குப் பாடம், சமவெளி மக்கள், அவர்கள் கும்பிடுகிற சாமி என்று ஒன்றையும் விடவில்லை. எல்லாவற்றுக்கும் அவர் "ஆமாண்ணே, ஆமாண்ணே" என்றார்.

வெயில் சாயும் நேரத்தில் மனாங் வந்தோம். மருத்துவ நிலையத்தில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். மாஸ்டரை நாற்காலியில் தள்ளி, "நல்லாப் பாருங்கம்மா, உச்சிக்குப் பக்கத்துல செத்துப் பொழைச்ச ஆளு" என்றேன்.

டாக்டர் அவர் விரலில் ஆக்ஸிஜன் அளக்கும் கவ்வியை மாட்டிப் பார்த்தார். கண்ணில் விளக்கடித்தார். தரையில் போட்டிருந்த கோட்டின் மேல் நடக்கச் சொன்னார். மாஸ்டர் சர்க்கஸ்காரன் மாதிரி நடந்து காட்டினார்.

"இவருக்கு என்ன? என்னைவிட நல்லா இருக்காரே!"

"நல்லா இருக்காரா? இவருக்காக நான் ஐம்பதை விட்டுட்டு வந்திருக்கேன்!" என்று கத்தி, மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். குத்து மேஜைக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றில் விழுந்தது. பின்னாலேயே நானும் விழப் போனேன்.

மாஸ்டர் என்னைத் தாங்கி அதே நாற்காலியில் உட்கார வைத்தார். தன் விரலில் இருந்த கவ்வியைக் கழற்றி என் விரலில் மாட்டினார்.

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். இவரைக் கீழ இறக்க வேற வழி தெரியல."