புது கேஸ், பழைய சண்டை

"அப்பாவுக்கு இடி விழுந்தாலும் காது கேக்காது. நீங்க தாராளமாச் சொல்லுங்க" என்றாள் காருக்குச் சொந்தக்காரரின் மனைவி.

ஏசி மெக்கானிக் பின் சீட்டை எட்டிப் பார்த்தான். உச்சி வெயிலில் கம்பளிக் குல்லாய் மாட்டிக்கொண்டு, அவளுடைய அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எவன் எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்கிற முகம்.

அந்தக் கார் அவன் கடைக்கு வருவது இது ஆறாவது தடவை. கிழட்டு வண்டி, அதன் ஏசிக்கு ஏற்றுகிற பழைய கேஸ் இப்போது தேடினாலும் கிடைப்பதில்லை. புது கேஸுக்கே மாற்றித் தொலைப்போம் என்று காலையிலிருந்து முதுகொடிய வேலை பார்த்திருந்தான். பழைய எண்ணெயை வடித்து, ரப்பர் வளையங்களை எல்லாம் மாற்றி, ஒரு மணி நேரம் பம்ப் ஓட்டிக் குழாய்க்குள் இருந்த காற்றை உறிஞ்சி எடுத்து, அப்புறம்தான் புது கேஸ் ஏற்றினான். தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தால் ஆறு டிகிரி! பானெட்டுக்கு அடியில் 'புது கேஸ்' என்று லேபிளும் ஒட்டியாயிற்று.

கேஸை மாற்றிவிட்டான், சரி. புருஷன் பெண்டாட்டியை என்ன செய்வது? அவர் 'வேர்க்குது' என்று குளிர்த் திருகை ஏற்றுவார். இவள் 'நடுங்குது' என்று இறக்குவாள். வழியெல்லாம் சண்டை போட்டுவிட்டு, பஞ்சாயத்துக்கு நேராக இவன் கடைக்குத்தான் வருவார்கள். அவர்கள் போடுகிற கூச்சலில் மற்ற வாடிக்கையாளர்கள் பின்வாசல் வழியாக நழுவிவிடுவார்கள்.

"இதான் கடைசி. இன்னிக்கும் இந்த ஏசி சண்டை தீரலைன்னா, நான் எங்கக்கா வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் அவராச்சு, அவர் காராச்சு. திரும்பி வரவே மாட்டேன்!" அவள் கண் கலங்கிவிட்டது. மெக்கானிக்குக்குப் பாவமாக இருந்தது.

"அழாதீங்க மேடம். உங்களுக்கு மட்டும் ஒரு ரகசியம் சொல்றேன்" என்று குரலைத் தாழ்த்தினான். "உங்க சீட்டுக்கு அடியில ஒரு குட்டித் திருகு வெச்சிருக்கேன். அதுதான் நிஜம். முன்னாடி இருக்கறது வெறும் பொம்மை. சார் பாட்டுக்குத் திருகிக்கிட்டே இருக்கட்டும்."

"நீங்க நல்லா இருப்பீங்க!" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவள் தண்ணீர் குடிக்கப் போன மறு நிமிஷம் புருஷன்காரர் வந்து ஒட்டிக்கொண்டார். "என்ன சொல்றா என் வீட்டுக்காரி?"

"அதை விடுங்க சார். ஸ்டியரிங்குக்கு அடியில கையை விட்டுப் பாருங்க. ஒரு திருகு இருக்கா? அதுதான் நிஜம். மத்ததெல்லாம் மேடம் சும்மா விளையாடறதுக்கு."

"அட கில்லாடி! பதினெட்டு வருஷமா எனக்கு இது தோணலையேப்பா!" என்றவர், சட்டென்று பின் சீட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மாமாவைப் பத்திக் கவலைப்படாதே. அவர் காது எப்பவோ அவுட்."

உண்மையில் அந்த இரண்டு திருகுக்கும் ஒரு வயர்கூடக் கிடையாது. நிஜத் திருகை டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளித்து, நடுவாக வைத்து, மேலே மூடி போட்டு நாலு ஸ்க்ரூவால் முடுக்கிவிட்டிருந்தான் மெக்கானிக். பாம்பும் சாகணும், கம்பும் உடையக் கூடாது.

எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு அவன் கை கழுவக் கிளம்பியபோது, பின் ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டது. "தம்பி, குட்டி ஸ்க்ரூடிரைவர் இருந்தா குடு. கண்ணாடிக் காம்பு ஆடுது." கொடுத்தான். பெரியவருக்கு டீயைக் காருக்கே அனுப்பிவிட்டு, புருஷனையும் பெண்டாட்டியையும் உள்ளே அழைத்துப் போனான்.

டீ குடித்து முடித்ததும் கார் வெள்ளோட்டம் போனது. மெக்கானிக் வாசலில் நின்று நகத்தைக் கடித்தான். அரை மணி நேரம் கழித்துக் கார் திரும்பி வந்தது. உள்ளே கூச்சல் இல்லை. அதிசயம், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்!

"எலும்புக்குள்ள போகுதுப்பா குளிர்! புது கேஸ்னா புது கேஸ்தான்!" என்றார் அவர். இடது கை ஸ்டியரிங்குக்கு அடியில் இருந்தது.

"எனக்கும் கச்சிதமா இருக்கு. துளிகூட நடுங்கலை" என்றாள் அவள். அவள் கை சீட்டுக்கு அடியில். அவர் பார்க்காதபோது அவள் கண்ணடித்தாள். அவள் பார்க்காதபோது அவர் கண்ணடித்தார்.

மெக்கானிக்குக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமையில் ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஏசிக் காற்றைத் தொட்டுப் பார்த்தான்.

அனல்! வெறும் ஃபேன் காற்று. பானெட்டுப் பக்கம் காதைக் கொடுத்தான். கம்ப்ரஸர் மூச்சுகூட விடவில்லை. இங்கேயானால், அந்த மனுஷர் நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து மூக்கு நுனியில் சொட்டிக்கொண்டிருக்கிறது, "அப்பப்பா, என்ன குளிர்!" என்று தோளைக் குறுக்கிக்கொள்கிறார்!

போச்சுடா! சொன்னால் குட்டு உடையும், ஏழாவது பஞ்சாயத்து இங்கேயே ஆரம்பிக்கும், அந்தம்மா அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிடும். சொல்லாமல் விட்டால், காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் வீண். மெக்கானிக் திருதிருவென்று விழித்தபடி பின்பக்கம் நகர்ந்து, "ஆறு டிகிரி காட்டுச்சே, எப்படி நின்னுச்சு?" என்று உதட்டுக்குள் முணுமுணுத்தான்.

பின் ஜன்னல் வழியாக அந்தக் குட்டி ஸ்க்ரூடிரைவர் வெளியே வந்தது. கூடவே கம்பளிக் குல்லாயும் வந்து, அவன் காதோரம் குனிந்தது.

"எனக்குக் குளிர் ஆகாது தம்பி, வயரைப் பிடுங்கிட்டேன். மூச்சு விடாதே!"