மோதிர விரல் நகம்

நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளான், ஒற்றை கிட்டாரில் இத்தனை சுத்தமாக வாசிப்பதா? கிளமென்ட்டால் நம்ப முடியவில்லை. அவரும் கிட்டார்க்காரர்தான். கம்பியில் விரல் இழுபடும் கீச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லையே!

"எல்லாம் டேப்பு. சும்மா கையை ஆட்டுறா," என்று மனைவி ரெஜினாவின் காதைக் கடித்தார்.

முதல் வரிசையிலிருந்து, மேடையில் வாசித்துக்கொண்டிருந்த இளம்பெண் ஜெனிட்டாவின் வலக்கையையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பியை மீட்டுவதற்கென்றே வளர்த்த நீள நகங்கள். திடீரென்று மோதிர விரல் நகம் உடைந்து தெறித்து அவர் மடியில் விழுந்தது. அந்த நொடியே மேல்ஸ்வரம் மழுங்கி, வாசிப்பு நின்றது.

ஜெனிட்டா மேடை விளிம்பில் வந்து குனிந்தாள். "அங்கிள், என் நகம் உங்க மேலதான் விழுந்துச்சு. கொடுத்தீங்கன்னா ஒட்டிக்கிட்டு வாசிச்சிடுவேன். பசை வச்சிருக்கேன்."

அரங்கமே அவரைப் பார்த்தது. கிளமென்ட் எழுந்து மடியைத் தட்டினார். நாற்காலிக்கு அடியில் குனிந்துகூடத் தேடினார்.

"எந்த நகம்மா?"

ஜெனிட்டா தன் மொட்டை விரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரெஜினா அவர் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னாள்: "கையைத் திறங்க."