அஞ்சாவது குட்டி

"அஞ்சாவது குட்டி எங்கே?"

டாக்டர் கேட்டதும் கணவனும் மனைவியும் ஒரே குரலில், "நாலுதான் டாக்டர்" என்றார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. இந்த நாய், பூனை ஆஸ்பத்திரியில் இருபது வருஷமாகக் கம்பவுண்டர் நான். குட்டியைச் சத்தமில்லாமல் விற்றுவிட்டுக் கையை விரிக்கிறவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்!

மேஜையில் பட்டாணி நடுங்கிக்கொண்டிருந்தாள். மடியில் அடங்குகிற சின்ன நாய். முந்தாநாள்தான் குட்டி போட்டிருந்தாள். கால்கள் விறைத்து, வாயில் நுரை தள்ளியிருந்தது.

டாக்டர் பழைய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "பத்து நாள் முன்னாடி எடுத்தது. மண்டையை எண்ணிக்கோங்க. ஒண்ணு, ரெண்டு... அஞ்சு. என் கணக்கு தப்பாது."

உண்மைதான். வயிற்றில் எத்தனை என்று அவர் சொன்னால் சொன்னதுதான். ஊரில் அவருக்குப் பேரே 'கணக்கு டாக்டர்'. தன் பேரில் தப்பு என்று ஒத்துக்கொள்வது மட்டும் அவர் ஜாதகத்திலேயே கிடையாது.

"குட்டி உள்ளே மாட்டியிருந்தா இப்பவே வயித்தைக் கிழிக்கணும். இருக்கிற நிலைமைல மயக்க மருந்தே இவளை முடிச்சிடலாம். உள்ளே எதுவும் இல்லேன்னா, இது பால் கொடுக்கிறதால வந்த கால்சியம் குறைச்சல். ஊசியே போதும். எக்ஸ்ரே மெஷின் வேற ரிப்பேர். யோசிச்சுச் சொல்லுங்க, எத்தனை?"

"நாலுதான்."

"நாலுதான்."

"சரி, கிழிச்சே பார்த்துடுவோம். அம்மா, வெளியே ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுட்டு வாங்க."

அவள் போனதும் கணவன் கதவைச் சாத்தினான்.

"டாக்டர், அஞ்சுதான். முதல் குட்டி செத்தே பொறந்துச்சு. கறுப்புக் குட்டி. அவ குளிச்சிட்டு வர்றதுக்குள்ள பின்பக்கம் புதைச்சிட்டேன். போன வருஷம் எங்களுக்கும் எட்டாம் மாசத்துல... இப்படித்தான். அவ தாங்கமாட்டா டாக்டர். சொல்லிடாதீங்க."

டாக்டர் அவனைத் திட்டவில்லை. கால்சியத்தை நரம்பில் மெதுவாக ஏற்ற ஆரம்பித்தார். "குட்டிங்களுக்கு இன்னைக்குத் தாய்ப்பால் கூடாது. போய்ப் பால்புட்டி வாங்கிட்டு வாங்க."

அவன் அந்தப் பக்கம் போக, மனைவி இந்தப் பக்கம் வந்தாள். ஃபாரத்தில் கையெழுத்து இல்லை.

"கிழிக்காதீங்க டாக்டர். அஞ்சுதான். கடைசிக் குட்டி உயிரில்லாம வந்துச்சு. இவர் கடைக்குப் போயிருந்தார். மாடியில பூந்தொட்டிக்குள்ள புதைச்சிட்டேன்."

"கறுப்புக் குட்டிதானே?"

"இல்லையே, வெள்ளை."

டாக்டர் விரலை மடக்கினார். நாலு. ஒன்று. இன்னொன்று. என்னைப் பார்த்தார். நான் எக்ஸ்ரேயைப் பார்த்தேன். ஒரு மண்டைக்குப் பின்னால் இன்னொரு மண்டை ஒளிந்திருந்ததா?

"இவர்கிட்ட சொல்லாதீங்க டாக்டர். நான் எப்படியோ தேறிட்டேன். இவர்தான் வாங்கின தொட்டிலைக்கூட இன்னும் பிரிக்கவிடல."

குட்டியை விற்றுவிட்டார்கள் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்போல் இருந்தது.

பால்புட்டியோடு கணவன் வந்தபோது பட்டாணியின் நடுக்கம் அடங்கியிருந்தது. தலையைத் தூக்கிக் கூடையிலிருந்த குட்டிகளைத் தேடினாள். இரண்டு பேரும் டாக்டரையே பார்த்தார்கள். இரண்டு பேர் கண்ணிலும் ஒரே கெஞ்சல்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"உள்ளே ஒண்ணுமில்ல. நாலு குட்டிதான். எக்ஸ்ரேயில நான்தான் தப்பா எண்ணிட்டேன்."

வெளியே காத்திருந்தவர்களுக்கும் அது கேட்டுவிட்டது. "கணக்கு டாக்டருக்கே கணக்கு தப்பிடுச்சா!" என்று யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு.

அவர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு போனபிறகு நான் மெல்லக் கேட்டேன். "சீட்டுல எத்தனைன்னு எழுதட்டும் சார்? ஆறா?"

"நாலுன்னு எழுதுய்யா. என் கணக்கு தப்பினதாவே இருந்துட்டுப் போகட்டும்."