கட்டைவிரல் கேமரா எடுத்த படம்

கட்டைவிரல் அளவே இருந்த அந்தப் பழைய ஜப்பான் கேமராவைச் சேகரிப்பாளர் சபேசன் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார். அதற்குள் ஒரு படத்துக்கு ஃபிலிம் மிச்சமிருந்ததை அவர் பார்க்கவில்லை.

"இப்ப ஒரு படம் எடுக்கப்போறேன்," என்றது அந்தக் குட்டிக் கேமரா.

பக்கத்துப் பெரிய கேமரா பதறியது. "வேண்டாம்டா பொடியா! துருப்பிடிச்ச ஸ்பிரிங் அறுந்துடும். அப்புறம் உன்னைத் தூக்கிப் போட்டுடுவார்."

"போடட்டுமே! பொம்மையா உட்காரவா பொறந்தேன்? அண்ணே, இந்தப் பக்கம் திரும்பு."

க்ளிக். ஸ்பிரிங் அறுந்தது.

ஞாயிற்றுக்கிழமை தூசி துடைக்க எடுத்த சபேசன், பட்டனை அழுத்திப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, அதைக் குப்பைக்கூடையில் போட்டார்.

ஆயிரம் கல்யாணங்களைப் படம் எடுத்த பெரிய கேமராவை அந்த க்ளிக்குக்கு முன் யாரும் படம் எடுத்ததே இல்லை. அது எட்டிப் பார்த்துக் கத்தியது: "டேய், நான் கண்ணை மூடிட்டேனா?"

கூடைக்குள்ளிருந்து பதில் வந்தது: "மூடலைண்ணே. வாயைத்தான் பிளந்துக்கிட்டு நின்னே!"