முப்பது குதிரைகள்

பட்டறையின் தகரக் கூரை ஓட்டை வழியாக விழும் வெயில், எங்கள் டீசல் வேனின் முன்சீட்டில் வட்டமாகக் கிடக்கிறது. அதன் பக்கத்தில் பழைய துண்டை விரித்து மெக்கானிக் லேப்டாப்பை வைத்திருக்கிறார். அதிலிருந்து ஒரு வயர் ஸ்டீயரிங்குக்கு அடியில் போகிறது. "இந்தப் பட்டனைத் தட்டினா இஞ்சினுக்கு முப்பது குதிரை பவர் கூடும்ணே. தீனி மட்டும் நீங்க போட்டுக்கணும்." என் கணவர் சிரிக்கிறார். வேன் மேட்டில் திணறுவதால் தண்ணீர் கேன்களைப் பாதிப் பாதியாக இரண்டு நடை ஏற்றுவது அவருக்குப் பெரிய அவமானம். "இனிமே முழு லோடும் ஒரே நடைதாம்மா" என்கிறார் என்னிடம். "ஏறுறது சரி. அவ்வளவு லோடோட அந்தப் பக்கம் இறங்கணுமே, பிரேக் தாங்குமா?" என்கிறேன். மெக்கானிக் காதைச் சொறிகிறார். "அதையும் மாத்திட்டா நல்லதுதான்க்கா." "அடுத்த மாசம் மாத்திக்கலாம். நான் என்ன ரேஸா ஓட்டப்போறேன்?" என்கிறார் இவர். நான் தலையாட்டாமல் அவர் எதையும் செய்ததில்லை. விரலைப் பட்டனுக்கு மேலே நிறுத்திக்கொண்டு, கடையில் பொம்மை கேட்கும் பிள்ளை மாதிரி என்னைப் பார்க்கிறார். பதினோராம் நாள், அந்த மேட்டுக்கு அப்பால் இறங்கும்போது, முழு லோடோடு பிரேக் பிடிக்காமல் இறந்துபோகப்போகிறார். இதை எழுதுகிற எனக்குத் தெரியும். அன்றைக்கு அங்கே நிற்கிறவளுக்குத் தெரியாது. வெயில் வட்டம் நகர்ந்து அவர் மணிக்கட்டில் ஏறியிருக்கிறது. வேண்டாம் என்று சொல்லத்தான் ஒவ்வொரு முறையும் இந்த இடத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு முறையும் அவள் தலையாட்டிவிடுகிறாள்.