முடியாத வேலை

"பெல்ட் அளவு தப்பா வந்துடுச்சுங்க. மாத்தி அனுப்பச் சொல்லியிருக்கேன். இன்னும் ரெண்டு நாள் பொறுத்துக்குங்க."

மெக்கானிக் கூசாமல் சொன்னார். சரியான அளவு பெல்ட் அவர் முதுகுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பெரியவர் தலையாட்டினார். வந்ததற்கு ஒரு டீயைக் குடித்தார். காரைச் சுற்றி ஒருமுறை நடந்து, பானட்டைத் தடவிவிட்டுப் போனார்.

பார்த்துக்கொண்டிருந்த மைத்துனனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெக்கானிக்கின் மனைவிக்கு அவன் தம்பி, பட்டறையில் பங்குதாரனும்கூட.

"மச்சான், பொய் சொல்ல உங்களுக்கு வேற ஆளே கிடைக்கலையா? பிள்ளையைப் பறிகொடுத்த மனுஷன்."

"உன் வேலையைப் பாரு மாப்ளே."

அது பெரியவருடைய மகனின் கார். சும்மாவே சீறும். அது போதாதென்று பெரிய சூப்பர்சார்ஜரும், அதற்கேற்ற அகலமான காற்றுக் குழாயும் அவன் ஆர்டர் செய்திருந்தான். என்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுகிற சாமான். போட்டால் வேகம் எகிறும்.

பெட்டி வந்து சேர்ந்தபோது மகன் இல்லை. நோய் முந்திக்கொண்டது. பெரியவரின் மனைவியும் முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். பெட்டியைப் பெரியவர்தான் தனியாக உட்கார்ந்து பிரித்தார். "அவன் ஆசைப்பட்டது. மாட்டிக் குடுங்க" என்று காரோடு கொண்டுவந்து விட்டார்.

அந்த ஆசையைத்தான் மெக்கானிக் இழுத்தடித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் குழாய் பானட்டில் இடிக்கிறது என்பார். இன்னொரு நாள் கம்ப்யூட்டரில் பெட்ரோல் அளவு படியவில்லை என்பார். ஒருமுறை பெரியவர் வரும் நேரம் பார்த்து, நன்றாக மாட்டியிருந்ததையே கழற்றிப் போட்டார். மனிதனுக்கு மனசாட்சி என்று ஒன்று வேண்டாமா?

மெக்கானிக் வெளியே போயிருந்த ஒரு நாள், மைத்துனன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டான். சூப்பர்சார்ஜரைச் சுழற்றும் பெல்ட்டைப் பூட்டினான். குழாயைப் பொருத்தி கிளாம்ப்பை முறுக்கினான். கம்ப்யூட்டரை இணைத்து, பெட்ரோல் அளவையும் சரிசெய்தான். சாவியைத் திருப்பியதும் என்ஜின் பிசிறில்லாமல் ஓடியது. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் சூப்பர்சார்ஜரின் விசில் சீராக ஏறியது.

சாயங்காலம் பெரியவர் வந்தார்.

"ரெடி சார். இன்னிக்கே ஓட்டிட்டுப் போகலாம்" என்று சாவியை நீட்டினான்.

அவன் எதிர்பார்த்த சந்தோஷம் அந்த முகத்தில் வரவில்லை.

"முடிஞ்சுதா?" என்றார் பெரியவர். சாவியை வாங்கியவர் காரில் ஏறாமல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

அந்த நேரம் மெக்கானிக் திரும்பி வந்தார். மூடியிருந்த பானட்டையும் பெரியவர் கையிலிருந்த சாவியையும் பார்த்தார். மைத்துனனின் தோளைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனார்.

"என்ன காரியம்டா செஞ்சே?"

"நீங்க செய்யவேண்டியதை நான் செஞ்சேன்."

"காரைக் கொண்டுவந்து விட்ட அன்னிக்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா? மலை ரோட்டுல ஒரே ஒரு தடவை முழு வேகத்துல ஓட்டணும், அதுக்கப்புறம் எனக்கு எதுவுமே வேண்டாம்னார். வளர்த்த நாயைக்கூட யாருக்கோ குடுத்துட்டாராம்." மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார். "வேலை முடியாத வரைக்கும் மனுஷன் இங்கே வருவார். அதுக்குத்தான்டா வாய் வலிக்கப் பொய் சொல்லிக்கிட்டிருந்தேன்."

மைத்துனன் சட்டென்று பட்டறைப் பக்கம் திரும்பினான்.

உள்ளே என்ஜின் உறுமியது.

இருவரும் ஓடினார்கள். பெரியவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறை மிதித்தார். விசில் உச்சிக்குப் போய் இறங்கியது. குறை சொல்ல ஒன்றுமில்லை. மகன் கேட்டிருந்தால் குதித்திருப்பான். பெரியவரின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

மெக்கானிக் காருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். இத்தனை நாள் சரளமாக வந்த பொய்களில் ஒன்றுகூட இப்போது வாயில் வரவில்லை. நகராமல் நின்றார், அவ்வளவுதான்.

பெரியவர் காரின் முன்கண்ணாடி வழியாக அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். என்ஜினை அணைத்தார். இறங்கி வந்து, சாவியை மெக்கானிக்கின் கையில் வைத்து மூடினார்.

"எங்கேயோ காத்து கசியுது தம்பி. எல்லாத்தையும் கழட்டிடுங்க. மெதுவாப் பாருங்க, நான் வந்துக்கிட்டுதான் இருப்பேன்."